மான் வேட்டையில் தோட்டாவும் குறியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் முறைப்படி உரிமம் எடுத்து, ரைஃபிளால் வெண்வால் மான் வேட்டையாடுகிறவர்களுக்கான பக்கம் இது. இந்தியாவில் மான் வேட்டை, 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி சிறைக்கு அனுப்பும் குற்றம். ஊருக்குப் போகும்போது இந்த அறிவை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

சொல்லில் ஒரு குழப்பம் வரும், முதலிலேயே தீர்த்துவிடலாம். தமிழில் தோட்டா, குண்டு இரண்டையும் ஒன்றுபோலவே சொல்லிப் பழகிவிட்டோம். இங்கே தோட்டா என்றால் பித்தளைக் கூடு, அடியில் அடிபட்டதும் தீப்பொறி தரும் கேப்பு, உள்ளே வெடிமருந்து, முனையில் செருகிய குண்டு எல்லாம் சேர்ந்த முழு உருப்படி. குண்டு என்றால் குழலை விட்டுப் பறக்கும் பாகம் மட்டும். அதன் எடையைக் கிரெயினில் சொல்வார்கள். 150 கிரெயின் ஏறக்குறைய 9.7 கிராம், ஒரு பவுனும் சொச்சமும்.

முதல் ரைஃபிள் வாங்கப்போகிறேன். எந்தத் தோட்டாவுக்கானது வாங்கலாம்?

.243 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர், 7 எம்எம்-08 ரெமிங்டன், .270 வின்செஸ்டர், .308 வின்செஸ்டர், .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட். இந்த ஆறில் எதை எடுத்தாலும் மானுக்கு வித்தியாசம் தெரியாது. உங்கள் தோளுக்குத் தெரியும்.

கடைத் தோட்டாக்களின் கணக்கைப் பாருங்கள். .243இல் 100 கிரெயின் குண்டு நொடிக்குச் சுமார் 2,960 அடி வேகத்தில் குழலை விட்டுக் கிளம்புகிறது. ஆற்றல் 1,945 அடி-பவுண்டு. 6.5 கிரீட்மோரில் 143 கிரெயின், 2,700 அடி, 2,315. .308இல் 150 கிரெயின், 2,820 அடி, 2,650. .270இல் 130 கிரெயின், 3,060 அடி, 2,700. எல்லாமே ஒரு வெண்வால் மானுக்குத் தேவையானதைவிட அதிகம். டெக்சஸ் மலைப்பகுதியில் 100 பவுண்டு தேறாத மானும் உண்டு, மின்னசோட்டாவில் 200 பவுண்டைத் தாண்டும் ஆண்மானும் உண்டு. இரண்டுக்கும் இந்தப் பட்டியல் போதும்.

உதை வேறு கதை. எட்டு பவுண்டு எடையுள்ள ரைஃபிளில் .243 தோளில் சுமார் 9 அடி-பவுண்டு உதைக்கும். .308 அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, .30-06 சுமார் 20. இதுவரை ரைஃபிள் சுட்டே பழகாதவர், சிறிய உடம்புக்காரர், பதின்வயதினர் என்றால் எங்கள் கை முதலில் 6.5 கிரீட்மோருக்கோ 7 எம்எம்-08க்கோதான் போகும். பக்கத்து ஊர்க் கடையில் எந்த நவம்பரிலும் தோட்டா கிடைக்க வேண்டும் என்பது முக்கியமானால் .308 அல்லது .30-06. சீசனுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலை அலமாரி காலியாக இருப்பதைப் பார்த்தவருக்கு இந்தக் காரணம் புரியும்.

.30-06, .30-30, .270 என்ற எண்களுக்கு என்ன பொருள்?

ஒரே விதி கிடையாது. .308 என்பது குண்டின் விட்டம், அங்குலத்தில். .30-06இலும் அதே .308 அங்குலக் குண்டுதான்; 06 என்பது 1906ஆம் ஆண்டு. .30-30இல் இரண்டாவது 30, அந்தக் காலத்தில் உள்ளே போட்ட மருந்தின் எடை. .270இன் குண்டு விட்டம் .277 அங்குலம். ஆக, எண்ணை வைத்து எதையும் ஊகிக்க வேண்டாம். குழலின் மேல் பொறித்திருக்கும் பெயரும், பெட்டியில் இருக்கும் பெயரும், தோட்டாவின் அடியில் வட்டமாகப் பொறித்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். .300 பிளாக்அவுட் தோட்டா .223 துப்பாக்கியில் சில சமயம் உள்ளே போய்விடும். சுட்டால் பெரிய குண்டு சிறிய குழலில் சிக்கித் துப்பாக்கியே வெடித்துப் பிளக்கும். இரண்டும் வைத்திருக்கிறவர்கள் மேகசின்களுக்கு, அதாவது தோட்டா அடுக்கும் பெட்டிகளுக்கு, வேறு வேறு நிற டேப் ஒட்டிவைப்பது அதனால்தான்.

வீட்டில் .223 இருக்கிறது. மானுக்குப் போதாதா?

முதலில் சட்டம். கொலராடோவில் மானுக்குக் குறைந்தது .24 காலிபர் (அங்குலத்தில் குழலின் விட்டம்), 70 கிரெயினில் பட்டதும் விரியும் குண்டு, 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் வேண்டும். விர்ஜீனியாவில் .23 காலிபருக்குக் கீழே கூடாது. இரண்டு இடத்திலும் .223 அடிபட்டுப்போகிறது. டெக்சஸில் மையக் கேப்பு ரைஃபிள் எதுவானாலும் சரி; அடியின் நடுவில் கேப்பு இல்லாமல் விளிம்பில் அடித்து வெடிக்கும் ரிம்ஃபயர் வகை மட்டும் வெண்வால் மானுக்குக் கூடாது. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் அந்தந்த ஆண்டின் மாநிலக் கையேட்டைப் பாருங்கள்.

சட்டம் அனுமதித்தாலும் கடையில் மலிவாகக் கிடைக்கும் 55 கிரெயின் குண்டு பெரும்பாலும் காகிதக் குறிக்கும் சிறு பிராணிக்கும் செய்தது. அது விலா எலும்பில் பட்டதும் தூளாகும், அல்லது விரியாமல் ஊசிபோல் ஊடுருவிப் போய்விடும். 60 கிரெயினுக்கு மேல், மானுக்கென்றே செய்த குண்டு, 150 கெஜத்துக்குள், முழுப் பக்கவாட்டில் நிற்கும் மான் என்றால் .223 வேலை செய்யும். இவ்வளவு நிபந்தனையைத் தாங்குவது அனுபவசாலியின் கை. புதியவருக்கு .223ஐக் கொடுத்து அனுப்புவது நல்ல யோசனை அல்ல.

.300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கினால் எங்கே பட்டாலும் விழுந்துவிடும் என்கிறார்களே?

விழாது. வயிற்றில் பட்டால் மேக்னமும் வயிற்றில் பட்ட வெடிதான்.

மேக்னம், அதாவது மருந்து அதிகம் போட்ட பெரிய தோட்டா, செய்யும் கெடுதல் பெரும்பாலும் சுடுகிறவரிடம் நடக்கிறது. உதை 25 அடி-பவுண்டைத் தாண்டும்போது, உடம்பு அதை எதிர்பார்த்து விசை அழுந்தும் முன்பே கண்ணை மூடித் தோளை முன்னே தள்ளிவிடுகிறது. குழல் முனை கீழே சாயும். குண்டு தாழ்ந்து, வலக்கைக்காரருக்குப் பெரும்பாலும் இடப்பக்கமாகவும் விலகிப்போகும். சுடுகிறவர் இதை உணரவே மாட்டார், ஏனென்றால் அதே கணத்தில் வெடித்துவிடுகிறது.

சோதிக்க எளிய வழி உண்டு. சுடுதளத்தில் நண்பரிடம் சொல்லி, உங்களுக்குத் தெரியாமல் நல்ல தோட்டாவோடு போலித் தோட்டாவையும் கலந்து ஏற்றச் சொல்லுங்கள். போலி வரும்போது ‘டிக்’ என்று மட்டும் கேட்கும். அந்த நேரத்தில் குழல் முனை அசையாமல் நின்றால் நல்லது. ஒரு அங்குலம் குனிந்தால் உங்கள் தோட்டா உங்களுக்குப் பெரியது. 40 தோட்டாவுக்குப் பிறகும் குனிவது நிற்கவில்லை என்றால் ரைஃபிளை மாற்றுங்கள். மானம் ஒன்றும் போய்விடாது.

இன்னொன்று இறைச்சி. 50 கெஜத்தில் நிற்கும் மானின் முன்சப்பையில், அதாவது முன்னங்கால் தோளில், வேகமான குண்டு பட்டால் இரண்டு பக்கச் சப்பையும் ரத்தம் கட்டி ஜெல்லி போலாகும். கறிக்கடைக்காரர் பாஷையில் சொன்னால், கிலோக்கணக்கில் சேதாரம்.

ஒஹாயோவில் இருக்கிறேன். .308ஐ எடுத்துக்கொண்டு போகலாமா?

மான் சீசனில் முடியாது. .308இன் கூடு கழுத்தில் குறுகியது. ரைஃபிளில் கழுத்து குறுகாத நேர்கூட்டுத் தோட்டாவைத்தான் அங்கே அனுமதிக்கிறார்கள், அதுவும் 2014இலிருந்துதான். அதற்கு முன் பெரும்பாலும் ஷாட்கன் ஸ்லக், அதாவது ஷாட்கன்னில் போடும் ஒற்றைப் பெரிய குண்டுதான். அயோவாவில் 2017இல் இதேபோல் வந்தது. சமவெளி, பண்ணை வீடுகள், குண்டு ரொம்ப தூரம் போகக்கூடாது என்ற கவலை. இதற்காகவே வந்த .350 லெஜெண்ட் 2019இல் அறிமுகமானது: 150 கிரெயின், 2,325 அடி, 1,800 அடி-பவுண்டு. உதை குறைவு, 200 கெஜம் வரை நம்பலாம். .450 புஷ்மாஸ்டரும் பழைய .45-70உம் பெரிய குண்டைச் செலுத்தும், உதையும் அதற்கேற்ப.

தோட்டாவைவிடக் குண்டின் வகை முக்கியம் என்பது உண்மையா?

எங்கள் கணக்கில் ஆமாம். ஒரே .308 ரைஃபிளில் மூன்று பெட்டி போட்டுப் பார்த்தால் மூன்று விதமான காயம் கிடைக்கும்.

முழுக்கவசக் குண்டு, அதாவது ஈயத்தின் முனையையும் உலோகக் கவசம் மூடிய ராணுவ வகை, விரியாது. பென்சில் அளவு ஓட்டை போட்டு மறுபுறம் போய்விடும். மான் மணிக்கணக்கில் நடந்து எங்கோ சாகும். பெரும்பாலான மாநிலங்களில் இதற்குத் தடை. மலிவாக இருக்கிறதே என்று சுடுதளத்துக்கு வாங்கின பெட்டியை வேட்டைக்குப் போகும் பையில் போட்டுவிடாதீர்கள்.

மென்முனைக் குண்டில் முன்பகுதியில் ஈயம் வெளியே தெரியும். பட்டதும் காளான்போல் விரிந்து, ஏறக்குறைய இரு மடங்கு அகலமாகி உள்ளே போகும். வெண்வால் மானுக்கு நூற்றாண்டுக்கும் மேலாக வேலை செய்துவருவது இதுதான். பெட்டியும் மலிவு.

பிளாஸ்டிக் முனைக் குண்டு காற்றை நன்றாகக் கிழிக்கும், தூரத்திலும் விரியும். ஆனால் கிட்டத்தில், வேகம் குறையாத நிலையில், சப்பை எலும்பில் பட்டால் மெல்லிய கவசம் கொண்டவை சிதறிவிடும். ஈயத்தையும் செம்புக் கவசத்தையும் ஒட்டவைத்த குண்டு சிதறாமல் எலும்பை உடைத்துக்கொண்டு போகும். நடுவில் செம்புச் சுவர் வைத்து முன்பாதி விரிய, பின்பாதி கட்டியாகவே ஊடுருவும் பார்ட்டிஷன் வகை 1940களிலிருந்தே இருக்கிறது.

முழுச் செம்புக் குண்டு எடையை ஏறக்குறைய இழக்காது, இரண்டு பக்கமும் ஓட்டை போடும். ஆனால் விரிய வேகம் வேண்டும். பல செம்புக் குண்டுகளுக்கு, படும் நேரத்தில் நொடிக்கு 2,000 அடிக்குக் கீழே போனால் முனை சரியாகத் திறக்காது. ஈயக் குண்டுகளில் பல 1,800 வரை தாங்கும். சாதாரண .308 150 கிரெயின் குண்டு 300 கெஜத்தில் 2,000 அடிக்கு இறங்கிவிடுகிறது. அதனால் 300ஐத் தாண்டிச் சுட நினைப்பவர் ஆற்றல் பட்டியலைவிட வேகப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். செம்பு ஈயத்தைவிட லேசானது என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். ஈயத்தில் 150 போட்டவர் செம்பில் 130 போட்டால் வேகமும் கிடைக்கும்.

சரியாக எங்கே குறி பார்ப்பது?

ஆட்டுக்கறி வெட்டும் இடத்தில் நின்று பார்த்தவருக்குப் பாதி தெரிந்திருக்கும். மானின் உள்ளமைப்பும் அதேதான். நெஞ்சுக்கூடு முன்னங்கால்களுக்கு இடையிலிருந்து கடைசி விலா வரை. அதைக் குறுக்கே பிரிப்பது உதரவிதானம் என்ற சவ்வு. சவ்வுக்கு முன்னால் இதயமும் இரண்டு நுரையீரலும். சவ்வை ஒட்டிப் பின்னால் ஈரல். அதற்கும் பின்னால் இரைப்பை, குடல். சவ்வுக்கு முன்னால் பட்டால் நொடிகளில் முடியும். பின்னால் பட்டால் மணிகள்.

வளர்ந்த ஆண்மானின் மார்பு, முதுகுமேட்டிலிருந்து அடிநெஞ்சு வரை சுமார் 16 முதல் 18 அங்குலம். இதயம் கீழ் மூன்றில் ஒரு பங்கில், முழங்கைக்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்கும். நுரையீரல் அதற்கு மேலும் பின்னும் பரவியிருக்கும். ரைஃபிள்காரர் நம்பக்கூடியது இந்த இரண்டையும் சேர்த்து 8 அங்குல வட்டம்.

மான் முழுப் பக்கவாட்டில் நிற்கிறது. முன்னங்காலின் பின்விளிம்பைக் கண்ணால் பிடித்து மேலே ஏறுங்கள். அடிநெஞ்சிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிறுத்துங்கள். ஸ்கோப்பின் (ரைஃபிள் மேல் பொருத்திய குறிதொலைநோக்கியின்) குறுக்குக்கோடு அங்கே. இந்த இடத்தின் நன்மை, தவறினாலும் தாங்கும் என்பதுதான். 3 அங்குலம் மேலே போனால் நுரையீரல். 3 அங்குலம் கீழே போனால் இதயம். முன்னே போனால் சப்பை. பின்னே 3 அங்குலம் போனாலும் நுரையீரலின் பின்பகுதி. அதற்கும் பின்னே போனால்தான் ஆபத்து. புதியவர்களின் குண்டு பெரும்பாலும் பின்னேதான் போகிறது. மானின் உடம்பு நடுவைக் கண் தானாகவே தேடுவதுதான் காரணம். உடம்பின் நடு என்பது இரைப்பை.

சுடும் முன் மானுக்குப் பின்னால் என்ன என்று பாருங்கள். நல்ல குண்டு மானை ஊடுருவி வெளியே வரும். பின்னால் மண்மேடோ சரிவோ இருக்க வேண்டும். வெறும் வானம் தெரிந்தாலோ, புதருக்குள் இன்னொரு மான் நின்றாலோ, விசையிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள்.

மான் சாய்வாக நின்றால்?

நம்மை விட்டு விலகிச் சாய்ந்து நிற்பது, அதாவது பின்பக்கம் நமக்குக் கிட்டவும் தலை எட்டவும் இருப்பது, நல்ல நிலை. இப்போது கிட்டப் பக்கத்துக் காலை மறந்துவிட்டு, எட்டப் பக்கத்து முன்னங்காலை நோக்கிக் கோடு இழுங்கள். குண்டு எந்த இடத்தில் வெளியேற வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் எங்கே நுழைய வேண்டும் என்பது தானே வரும். சாய்வு அதிகமாக அதிகமாக நுழையும் இடம் விலாவின் பின்பக்கம் நகரும். மிகவும் சாய்ந்துவிட்டால் வழியில் இரைப்பை குறுக்கிடும், விட்டுவிடுங்கள்.

நம்மை நோக்கிச் சாய்ந்து நின்றால் இடம் குறுகும். கிட்டச் சப்பையின் முன்முனைக்கு உள்பக்கமாகப் போட வேண்டும். எலும்பு தடுக்கும், எனவே ஒட்டுக் குண்டோ செம்போ இல்லாமல் வேண்டாம். காலுக்குப் பின்னால் என்ற பழக்கத்தில் சுட்டால் ஒரு நுரையீரலைத் தொட்டு நேராக வயிற்றுக்குள் போய்விடும். நேருக்கு நேர் நிற்கும் மானில் இலக்கு கழுத்து மார்போடு சேரும் இடம். அகலம் ஒரு உள்ளங்கை. பின்பக்கம் காட்டி நிற்கும் மானைச் சுட வேண்டாம். அதற்கு டெக்சஸ் பெயரில் ஒரு கேலிப்பெயர்கூட உண்டு, அதைச் சொல்லிச் சிரிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கழுத்தில் சுட்டால் இறைச்சி வீணாகாதே?

முதுகெலும்பில் பட்டால் நின்ற இடத்திலேயே விழும், உண்மை. ஆனால் கழுத்து எலும்பு இரண்டு விரல் அகலத்துக்குமேல் பெரிதில்லை, எங்கே ஓடுகிறது என்று வெளியிலிருந்து தெரியாது, மானும் தலையைத்தான் அடிக்கடி ஆட்டும். 3 அங்குலம் தவறினால் மூச்சுக்குழாயில் ஓட்டை. தலைக்குக் குறி வைத்துத் தாழ்ந்தால் தாடை உடையும். அந்த மான் தின்ன முடியாமல் நாட்கணக்கில் சாகும். நாங்கள் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

சப்பையிலேயே போட்டு விழவைக்கலாமா?

போடலாம். பக்கத்தில் சாலையோ ஆறோ பிறர் நிலத்து வேலியோ இருந்து, மான் 50 கெஜம்கூட ஓடக்கூடாது என்றால் இதுதான் வழி. எலும்பின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். சப்பைப் பட்டை மேலிருந்து முன்னோக்கிச் சரிந்து வரும். அதன் முனையிலிருந்து அடுத்த எலும்பு பின்னோக்கித் திரும்பி முழங்கைக்கு இறங்கும். இடப்பக்கம் பார்த்து நிற்கும் மானில் அது ‘<’ வடிவம். சப்பையின் நடு உயரத்தில் பட்டால் இரண்டு பக்கமும் உடைந்து நுரையீரலின் மேற்பகுதியும் சேர்ந்து போகும். சிதறாத ஒட்டுக் குண்டோ செம்போ அவசியம். இரண்டு முன்சப்பைக் கறியில் பெரும்பகுதி போய்விடும் என்பதை ஏற்றுக்கொண்டே சுட வேண்டும்.

மரத்தில் கட்டிய இருக்கையிலிருந்து சுடும்போது?

20 அடி உயரத்தில், மான் 15 கெஜத்தில் நின்றால் குண்டு சரிவாக இறங்கும். தரையிலிருந்து பார்க்கும் அதே புள்ளியில் வைத்தால் ஒரு நுரையீரல் மட்டும் படலாம். நுழைவை மேலே நகர்த்தி, எட்டப் பக்கத்து அடிநெஞ்சில் வெளியேறும்படி கோடு போடுங்கள். கீழே ஓட்டை இருந்தால்தான் ரத்தம் தரையில் சொட்டும். 60 கெஜத்துக்கு அப்பால் இந்தக் கோணம் பொருட்டே அல்ல. ஏறுவதிலிருந்து இறங்குவது வரை விழாமல் காக்கும் இடுப்பு-தோள் பட்டையைக் கழற்றாதீர்கள்.

எவ்வளவு தூரம் வரை சுடலாம்? ரைஃபிளை எந்தத் தூரத்துக்கு நேர் செய்வது?

முதலில் நேர் செய்வது, அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைத் திருத்துவது. 25 கெஜத்தில் தொடங்குங்கள். காகிதத்தில் எங்கேயாவது பட்டால்தானே திருத்த முடியும். அங்கே நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு 100 கெஜத்துக்குப் போங்கள். மூன்று மூன்றாகச் சுட்டு, மூன்றின் நடுவை எடுத்துத் திருத்துங்கள். ஒற்றை ஓட்டையைத் துரத்தக்கூடாது. சாதாரண ஸ்கோப்பில் திருகின் ஒரு கிளிக் 100 கெஜத்தில் கால் அங்குலம். 2 அங்குலம் தாழ்ந்து 3 அங்குலம் வலமாகப் பட்டால் 8 கிளிக் மேலே, 12 கிளிக் இடது. 25 கெஜத்தில் அதே விலகலுக்கு நான்கு மடங்கு கிளிக் வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான். குழல் கைபொறுக்காத சூடானால் ஆறவிடுங்கள். வேட்டையில் நீங்கள் சுடப்போவது ஆறின குழலின் முதல் வெடி, அதனால் கடைசி வார்த்தை அந்த முதல் ஓட்டைதான்.

.308 150 கிரெயினை 200 கெஜத்துக்கு நேர் செய்தால் 100இல் சுமார் 2 அங்குலம் மேலே, 300இல் 8 முதல் 9 அங்குலம் கீழே. ஆக 200 வரை எதையும் கணக்குப் போடாமல் நடுவில் வைத்தே சுடலாம். .30-30 170 கிரெயின் வேறு மாதிரி: 100க்கு நேர் செய்தால் 200இலேயே சுமார் 8 அங்குலம் இறங்கிவிடும். 150 கெஜத்துக்குள் அதற்கு இணை கிடையாது, அதற்கு மேல் இழுக்காதீர்கள். குழாய் மேகசின் உள்ள .30-30இல் தட்டைமுனைக் குண்டு அல்லது ரப்பர்போல் நெகிழும் முனை மட்டும். கூர்முனை முன்னால் இருக்கும் தோட்டாவின் கேப்பில் இடித்து உள்ளேயே வெடிக்கலாம்.

உங்கள் தூரத்தைத் தீர்மானிப்பது தோட்டா அல்ல, 8 அங்குலக் காகிதத் தட்டு. சுடுதள மேசையை விட்டு எழுந்து, வேட்டையில் எப்படி இருப்பீர்களோ அப்படி உட்கார்ந்தோ, மரத்தில் சாய்ந்தோ, குச்சித் தாங்கியிலோ சுடுங்கள். ஐந்துக்கு ஐந்தும் தட்டுக்குள் விழும் தூரம் எதுவோ அதுதான் எல்லை. ஐந்தில் நான்கு என்றால் அந்தத் தூரம் உங்களுடையது அல்ல. மேசையில் 300 கெஜம் போட்டவர் நின்றுகொண்டு சுடும்போது 60க்கு வந்துவிடுவது சாதாரணம்.

சுட்டேன், மான் ஓடிவிட்டது. தவறிவிட்டதா?

இருக்காது. இரண்டு நுரையீரலும் கிழிந்த மானும் மூளையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனில் பத்துப் பதினைந்து நொடி ஓடும். 50 முதல் 100 கெஜம் ஓடி விழுவது இயல்பு. எல்லா வெடியையும் பட்டதாகவே வைத்துத் தேடுங்கள்.

உடனே அடுத்த தோட்டாவை ஏற்றுங்கள், ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். மான் எப்படி அசைந்தது என்பது முதல் துப்பு. துள்ளிப் பின்னங்காலை உதைத்துத் தாழ்ந்து ஓடினால் பெரும்பாலும் இதயம். முதுகை வளைத்துக் கூனி மெல்ல நடந்தால் வயிறு. நின்ற இடத்தையும் கடைசியாகக் கண்ட இடத்தையும் ஒரு மரத்தோடோ பாறையோடோ சேர்த்து மனதில் குறியுங்கள். கீழே இறங்கியதும் காடு வேறு மாதிரி தெரியும்.

அரைமணி கழித்து நின்ற இடத்துக்குப் போங்கள். நுரையோடு வெளிர்சிவப்பு ரத்தம் நுரையீரல், தொடர்ந்து போகலாம். நுரையில்லாத, கருஞ்சிவப்பு ரத்தம் ஈரல். மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள். பச்சையோ பழுப்போ கலந்த துணுக்கு, கெட்ட வாடை என்றால் இரைப்பை அல்லது குடல். சத்தமில்லாமல் வந்த வழியே திரும்பி, 8 முதல் 12 மணி நேரம் காத்திருங்கள். வயிற்றில் பட்ட மான் யாரும் துரத்தாவிட்டால் 200 கெஜத்துக்குள் படுத்து அங்கேயே சாகும். துரத்தினால் மைல் கணக்கில் போகும், அதோடு ரத்தமும் நின்றுவிடும். வெயில் காலமானாலோ கொயோட்டி என்ற காட்டு நாய் அதிகமானாலோ இந்த நேரத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். நல்ல முடிவு எதுவும் இல்லாத நிலை அது.

ரத்தத் தடத்தின் மேலே மிதிக்காமல் பக்கத்தில் நடங்கள். ஒவ்வொரு சொட்டுக்கும் கழிப்பறைக் காகிதத் துண்டு ஒன்று வைத்துக்கொண்டே போனால், தடம் அறுந்ததும் திரும்பிப் பார்த்துத் திசை கண்டுபிடிக்கலாம். சிவப்பு இலையா ரத்தமா என்று சந்தேகம் வந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு தெளியுங்கள்; ரத்தமானால் பொங்கும். பல மாநிலங்களில் கயிற்றில் கட்டிய மோப்ப நாயை அழைக்கலாம். தடத்தை நீங்கள் கலைத்த பிறகு கூப்பிடுவதைவிட முன்பே கூப்பிடுவது நல்லது.

வெடித்ததும் பொத்தென்று விழுந்தது. அருகில் போனதும் எழுந்து ஓடிவிட்டது. எப்படி?

முதுகெலும்புக்கு மேலே குண்டு போயிருக்கிறது. மானின் முதுகெலும்பு நாம் நினைப்பதைவிடத் தாழ்வாக ஓடும். சப்பைக்கு மேலே தெரியும் மேட்டுக்குள் எலும்பின் நீண்ட முட்கள் மட்டும்தான் உள்ளன. அவற்றில் பட்டால் அதிர்ச்சி தண்டுவடத்துக்குப் போய் மான் மயங்கி விழும். அரைநிமிடத்தில் தெளியும். எனவே விழுந்த மானை ஸ்கோப்பிலேயே வைத்திருங்கள்; தலை தூக்கினால் தாமதிக்காமல் மார்பில் இரண்டாவது வெடி. அருகில் போகும்போது பின்பக்கமாகப் போய், திறந்த கண்ணைக் குச்சியால் தொடுங்கள். இமைத்தால் உயிர் இருக்கிறது.

புதருக்குள் நிற்கிறது. கனமான குண்டு கிளையைத் தாண்டிப் போகாதா?

எந்தக் குண்டும் விலகும். இடைவெளி கிடைக்கும் வரை காத்திருங்கள்.

டெக்சஸில் புள்ளிமான் சுடலாம் என்கிறார்கள், உண்மையா?

நம் ஊர்ப் புள்ளிமான்தான். அங்கே ஆக்சிஸ் என்று பெயர். டெக்சஸுக்கு 1932இல் கொண்டுபோனார்கள்; ஹவாயின் மொலோகாய் தீவில் 1868லேயே விட்டிருந்தார்கள். டெக்சஸில் அது வெளிநாட்டு விலங்கு என்பதால் சீசன் கிடையாது. வேட்டை உரிமமும் நில உரிமையாளரின் அனுமதியும் வேண்டும். உடம்பு வெண்வாலைவிடக் கட்டி, நெஞ்சு உறுப்புகள் சற்று முன்னே தள்ளி இருப்பதாக வைத்துத்தான் அங்குள்ளவர்கள் சுடுவார்கள். காலுக்குப் பின்னால் என்பதைவிடக் கால் நேர்மேலே வைத்து, ஒட்டுக் குண்டு போடுங்கள். கூட்டமாக நிற்கும் விலங்கு. பின்னால் இன்னொன்று மறைந்து நிற்பது இதில் அடிக்கடி நடக்கும்.

தோட்டா பிராண்டை மாற்றினேன். மறுபடியும் நேர் செய்ய வேண்டுமா?

வேண்டும். அதே 150 கிரெயின் என்று எழுதியிருந்தாலும் பெட்டி மாறினால் 100 கெஜத்தில் 2, 3 அங்குலம் தள்ளிப் படலாம். பிடித்துப்போன தோட்டாவில் ஒரே தயாரிப்பு எண்ணுள்ள ஐந்தாறு பெட்டி வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் போய் இறங்கினாலும், ரைஃபிள் கீழே விழுந்தாலும், மூன்று தோட்டா செலவழித்துச் சரிபார்க்காமல் காட்டுக்குள் போக வேண்டாம்.

ஈயத் துகள் கறியில் கலக்கும் என்கிறார்களே?

கலக்கும். விரியும் ஈயக் குண்டு கண்ணுக்குத் தெரியாத துகளாகக் காயத்தைச் சுற்றிப் பல அங்குலம் தெறிக்கும். 2008இல் வடக்கு டகோட்டாவில் தானமாக வந்த மான் கறியில் ஈயம் தெரிந்ததும் அதை விநியோகிக்க வேண்டாம் என்று நிறுத்தினார்கள். கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. அங்கே காண்டார் கழுகுகள் மிச்ச உடலைத் தின்று செத்துக்கொண்டிருந்தன.

வீட்டில் சிறு பிள்ளையோ கர்ப்பிணியோ இருந்தால் செம்புக் குண்டுக்கு மாறிவிடுவது சுலபம். ஈயமே போடுகிறீர்கள் என்றால் ரத்தம் கட்டின சதையைத் தாராளமாக வெட்டி எறியுங்கள், கொத்துக்கறிக்குப் போடாதீர்கள். பல மான்களின் கறியைச் சேர்த்து அரைக்கும் கடையில் கொடுத்தால் அடுத்தவர் ஈயமும் உங்களுக்கு வரும். காயத்தைத் தண்ணீரில் அலசினால் துகள் மற்ற சதைக்கும் பரவும். காயத்துக்குப் பக்கத்துக் கறியைப் புளியிலோ எலுமிச்சையிலோ வினிகரிலோ ஊறவைக்கவும் வேண்டாம்; புளிப்பில் ஈயம் கரையும்.